தையல் யாருடையது?

பொருள் சேர்ப்பவர்கள் எல்லோரிடமும் நாம் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. புத்தகம் சேர்ப்பவரிடம் "எல்லாத்தையும் படிச்சிட்டீங்களா?" என்போம், அதில் கொஞ்சம் மரியாதை இருக்கும். பழைய நாணயம் சேர்ப்பவரிடம் "இது எந்தக் காலத்துது?" என்று கேட்போம். என் அலுவலகத்தில் ஒருவர் ஏழு மெக்கானிக்கல் கீபோர்டு வைத்திருக்கிறார். எட்டாவது வந்தால் நாலைந்து பேர் சுற்றி நின்று தட்டிப் பார்த்து, சுவிட்சின் சத்தத்தைப் பற்றி அரைமணி நேரம் விவாதிப்பார்கள். விலை உயர்ந்த கைப்பைகளைச் சேர்க்கும் பெண்ணிடம் மட்டும் கேள்வி "எவ்ளோ?" என்று ஆரம்பித்து "எதுக்கு இத்தனை?" என்று முடியும். பதிலுக்காக யாரும் நிற்பதில்லை.

அந்தப் பாரபட்சத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் கேட்பவரின் தொனியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கேள்வி மிச்சமிருக்கிறது. நான் அம்பத்தூர்க்காரி. கோட் எழுதிச் சம்பாதிக்கிறேன். தோல் பைகள் மேல் எனக்கு ஆசை உண்டு. நல்ல தோலின் வாசனை, வளைந்த கைப்பிடி, பித்தளைக் கொக்கி 'க்ளிக்' என்று விழும் சத்தம் எல்லாம் பிடிக்கும். என்னிடம் இருப்பவை நான்கே நான்கு; அவற்றைத் தொகுப்பு என்று நான் நினைத்துக்கொள்கிறேன். இணையத்தில் இப்போது 'யோசித்துச் சேர்ப்பது' பற்றி நிறையப் பேசுகிறார்கள்: குறைவாக வாங்கு, நல்லதாக வாங்கு, காலத்துக்கும் நிற்பதை வாங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படி வாங்குவதில் யோசனை என்பது உண்மையிலேயே எதைப் பற்றியது? ஆசைக்கு ஒரு கௌரவமான சட்டை மாட்டிவிடுகிறோமா, அல்லது அதற்குள் ஏதாவது இருக்கிறதா?

*

முதலில், எண்ணிக்கை வேறு, தொகுப்பு வேறு.

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணின் பொருட்குவியல் பொதுவிவாதமானது 1996 டிசம்பரில். போயஸ் தோட்டத்துச் சோதனையில் 10,500 சேலைகளும் 750 ஜோடிச் செருப்புகளும் 91 கைக்கடிகாரங்களும் கிடைத்ததாகப் பட்டியல் வந்தது. அன்று குழந்தைகளாக இருந்த என் தலைமுறைக்குக்கூட அந்த எண்கள் மனப்பாடம். வழக்கைப் பற்றியல்ல, எண்களைப் பற்றிச் சொல்கிறேன். அந்த 10,500-இல் ஒரே ஒரு சேலையைப் பற்றியாவது நமக்கு ஏதேனும் தெரியுமா? எந்த ஊர் நெசவு, என்ன கரை, எந்த நாளில் கட்டியது? எதுவும் தெரியாது. வழக்கு பெங்களூருவுக்குப் போனது, பொருட்களும் போயின, ஆண்டுக்கணக்கில் கிடந்தன. பட்டியலில் இருப்பதைத் தவிர அவற்றுக்கு வேறு வாழ்க்கையே இல்லாமல் போனது.

வால்டர் பெஞ்சமின் 1931-இல் தன் நூலகத்தைப் பெட்டிகளிலிருந்து எடுத்து அடுக்குவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவருக்கு ஒவ்வொரு புத்தகமும் எந்த நகரத்தில், எந்தக் கடையில், எந்த ஏலத்தில் கைக்கு வந்தது என்பது நினைவிருக்கிறது. அந்த நினைவுதான் குவியலைத் தொகுப்பாக்குகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். எண்ணிப் பார்த்தால்தான் எத்தனை என்று தெரியும் என்றால், அது தொகுப்பு இல்லை, சரக்கு.

ஆனால் நினைவு மட்டும் போதுமா? பெஞ்சமினின் நினைவெல்லாம் வாங்கியவரின் நினைவு. பொருள் கடைக்கு வந்த பிறகு நடந்த கதை. கைப்பை விஷயத்தில் எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. ஒரு பைக்கு வெளிப்பக்கம் உண்டு, உள்பக்கம் உண்டு, இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் தையல் உண்டு. மூன்றும் மூன்று பேருக்குச் சொந்தம்.

*

வெளிப்பக்கம் விற்றவருடையது.

எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும். பாத்திரக் கடையில் 'கிர்ர்' என்று சத்தமிடும் அந்தச் சின்ன மெஷினை எழுத்தாணி மாதிரிப் பிடித்து, புள்ளி புள்ளியாக எழுதுவார்கள். அம்மாவின் பெயர், கல்யாணத் தேதி, சிலதில் அன்பளித்த மாமாவின் பெயர். யாருடையது, யார் கொடுத்தது என்ற இரண்டு செய்திகள்தான். குடத்தைச் செய்த கம்பெனியின் பெயர் அடியில் சின்னதாக ஒட்டியிருக்கும்; முதல் தடவை தேய்க்கும்போதே போய்விடும்.

லூயி வித்தோனின் மகன் ஜார்ஜ் வித்தோன், அப்பாவின் பெயரின் முதலெழுத்துகளைப் பூக்களோடு சேர்த்து ஒரு சித்திரமாக்கியது 1896-இல். போலிகளைத் தடுப்பதற்காக. அன்றிலிருந்து வெளிப்பக்கத்தில் எழுதப்படும் பெயர் சொந்தக்காரரின் பெயராக இல்லாமல் விற்றவரின் பெயரானது. நாம் காசு கொடுத்து வாங்கி, அவர்கள் விளம்பரப் பலகையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறோம். அடுத்த மூன்றே ஆண்டுகளில், 1899-இல், தோர்ஸ்டைன் வெப்ளன் பிறர் பார்ப்பதற்காகச் செலவழிப்பது பற்றித் தன் புகழ்பெற்ற புத்தகத்தை எழுதினார். இரண்டும் ஒரே காலத்துச் சரக்கு.

பெயரே வேண்டாம் என்று வந்தவர்களும் உண்டு. இத்தாலியின் பொத்தேகா வெனேத்தா 1966-இல் தொடங்கியது. தோலை நாடாக்களாக வெட்டிப் பின்னுவது அவர்கள் பாணி. எனக்கு அதைப் பார்த்தால் நம்மூர்ப் பனையோலைப் பெட்டி ஞாபகம் வரும். வெளியே பெயர் இருக்காது. உங்கள் சொந்த முதலெழுத்துகளே போதும் என்பதுதான் அவர்களின் பழைய விளம்பரத்தின் சாரம். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பின்னலைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காணத் தெரிந்தவர்கள் இருக்கும்வரை, பின்னலே பெயர்தான். சத்தமாகச் சொல்லாமல் காதில் சொல்கிறார்கள், அவ்வளவே.

இந்த வெளிப்பக்கத்தின் உச்சியில் இருப்பது பிர்க்கின். பாடகியும் நடிகையுமான ஜேன் பிர்க்கினும் எர்மேஸ் நிறுவனத் தலைவர் ழான்-லூயி துமாவும் விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார நேர்ந்து, அதன் விளைவாக 1984-இல் உருவான பை. ஜேனுக்காகச் செய்த அந்த முதல் பை 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் கட்டணங்கள் உட்பட 86 லட்சம் யூரோவுக்குப் போனது. இதுவரை இவ்வளவு விலைக்கு எந்தக் கைப்பையும் ஏலம் போனதில்லை. அந்தப் பையின் படத்தைப் பாருங்கள். தோல் கீறியிருக்கிறது, ஸ்டிக்கர் ஒட்டிப் பிய்த்த தடம், வாரில் ஒரு நகவெட்டி தொங்குகிறது. மூடியில் ஜே.பி. என்று சொந்தக்காரியின் முதலெழுத்துகள். அதே வகைப் பையைக் கண்ணாடி அலமாரிக்குள் காற்றுப்படாமல் வைத்து, 'முதலீடு' என்று சொல்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ஏலம் அவர்களுக்குச் சொன்ன பதில் வேறு. கண்டபடி திணித்து, இழுத்து, உழைக்கவிட்ட பைக்குத்தான் அந்த விலை வந்தது.

நம் அரசாங்கத்துக்கும் இதில் ஒரு கருத்து உண்டு. 2025 ஏப்ரல் 22 முதல், பத்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள கைப்பையை வாங்கினால் விற்பவர் ஒரு சதவீத வரியை அங்கேயே பிடித்தம் செய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் கைப்பையோடு இருப்பவை: ஓவியம், ஹெலிகாப்டர், பந்தயக் குதிரை. கைப்பைக்கு இப்படியொரு சகவாசம் கிடைக்கும் என்று என் ஆயா நினைத்துப் பார்த்திருக்க மாட்டாள்.

*

உள்பக்கம் வைத்திருப்பவருடையது.

ஆயாவிடம் சுருக்குப்பை இருந்தது. இடுப்பில் செருகியிருப்பாள். உள்ளே வெற்றிலை, பாக்கு, மடித்து மடித்து நூலாகிப்போன பத்து ரூபாய் நோட்டு, ஒரு சாவி. வீடு தாத்தா பெயரில், நிலம் அவர் தம்பி பெயரில். அந்த வீட்டில் ஆயா ஒருத்தி மட்டும் திறக்கலாம், வேறு யாரும் திறக்கக் கூடாது என்று இருந்த ஒரே இடம் அந்தச் சுருக்குப்பை. பேரப் பிள்ளைகள் விளையாட்டுக்குக் கை வைத்தாலும் பட்டென்று அடி விழும்.

அம்மாவுக்கு அந்த இடமும் கிடைக்கவில்லை. எங்கள் பக்கம் தைக்கிற ஊர். ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலை இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கார்மென்ட்ஸ் கம்பெனிகள். அவற்றில் ஒன்றில் அம்மா பதினாறு வருஷம் வேலை பார்த்தாள், முதலில் டெய்லராக, பிறகு செக்கிங்கில். தினமும் சாயங்காலம் கேட்டில் வரிசை. ஒவ்வொருத்தியும் பையைத் திறந்து காட்ட வேண்டும். டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், மாத்திரை அட்டை, மாதவிலக்குத் துணி எல்லாம் வெளியே தெரியும். ஒரு நூல்கண்டு, ஒரு பட்டன் போய்விடக் கூடாதாம். இதைச் சொல்லும்போது அம்மா கோபப்பட மாட்டாள். "பழகிடும்டி" என்பாள். அவள் வாங்கிய பைகள் எல்லாம் அகலவாய்ப் பைகள், ஜிப் இல்லாதவை. திறந்து காட்ட அதுதான் சுலபம்.

கைப்பை மேல் எனக்கிருக்கும் ஆசையின் வேர் இங்கேதான் எங்கோ இருக்கிறது என்று நினைக்கிறேன். நல்ல சட்டை ஜேப்பும் பேன்ட் ஜேப்பும் தைத்துத் தரப்பட்ட ஆண்களுக்கு இது சட்டென்று புரியாது. சுடிதாருக்கு ஜேப் வந்ததையே கொண்டாடியவர்கள் நாங்கள். மூடிய பை என்பது உடம்போடு கூட வரும் ஒரு சின்ன அறை. வாடகை இல்லாத, தட்டாமல் யாரும் நுழைய முடியாத அறை. அதை அழகாக வைத்துக்கொள்ள ஒருத்தி விரும்பினால் அதைப் பகட்டு என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது.

இவ்வளவும் என் தரப்பு. இதோடு நிறுத்தினால் கட்டுரை எனக்கு வசதியாக முடிந்துவிடும்.

*

தையல் யாருடையது?

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பையை இரண்டாம் கையாக வாங்கினேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இங்கே அந்தப் பெயருக்கு வேலையும் இல்லை. அம்மா அதைக் கையில் வாங்கியதும் வெளியே பார்க்கவில்லை. உள்பக்கத்தைப் புரட்டி வெளியே இழுத்தாள். கட்டைவிரலால் தையலைத் தடவி, அங்குலத்துக்கு எத்தனை என்று எண்ணினாள். லைனிங்கின் மூலையில் ஓரிடம் பிரிந்திருந்தது.

"ரிவர்ஸ் அடிக்கல, பாரு. அதான் உட்டுப்போச்சு. எங்க லைன்ல இது ரிஜெக்ட்டு." பிறகு கைப்பிடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது நல்ல கை. இது வேற ஆளு" என்றாள்.

ஒரே பையில் இரண்டு ஆட்கள். அவளுக்கு அது தெரிகிறது. எனக்கு ஒரு நிறுவனம் மட்டும்தான் தெரிந்திருந்தது. தையல் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் பெண் என்றும் பொருள் உண்டு. அன்றைக்கு அது வெறும் அகராதிச் செய்தியாகப் படவில்லை.

எர்மேஸில் ஒரு பையைப் பெரும்பாலும் ஒரே கைவினைஞர்தான் ஆரம்பம் முதல் முடிவுவரை செய்கிறார். மெழுகு பூசிய ஒரே நூல், இரண்டு பக்கமும் இரண்டு ஊசி. குதிரைச் சேணம் தைத்த காலத்து முறை. ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். செய்தவரின் அடையாளமும் பையில் இருக்கிறது, சின்னக் குறியாக. அந்தக் குறிக்குரியவர் யார் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். வாங்கியவர் கண்ணுக்கு அது ஒரு கோடும் எழுத்தும்தான்.

இது மேல்படி. கீழ்ப்படி 2024 ஜூனில் மிலன் நீதிமன்றத்தில் தெரிந்தது. தியோரின் இத்தாலியத் தயாரிப்புப் பிரிவை நீதிமன்றம் கண்காணிப்பின் கீழ் கொண்டுவந்தது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு பையைத் தைத்துக் கொடுக்க ஒப்பந்தப் பட்டறைக்குத் தரப்பட்டது 53 யூரோ என்று வழக்கின் ஆவணங்கள் சொல்லின. தோல் முதலிய பொருட்களின் விலை தனி. பட்டறைகளில் வேலை செய்தவர்கள் புலம்பெயர்ந்த தொழிலாளர்கள். சிலர் வேலை செய்த இடத்திலேயே தூங்கினார்கள். பின்னர் நிறுவனம் நடைமுறைகளை மாற்றி, அந்தக் கண்காணிப்பும் நீக்கப்பட்டது. ஆனால் 53, 2,600 என்ற இரண்டு எண்களும் மனதில் தங்கிவிட்டன. ஆடம்பரம் என்றால் உயர்ந்த வேலைப்பாடு, அதற்குத்தான் விலை என்று நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானத்தில் அவை ஓட்டை போடுகின்றன.

*

தையலுக்கும் முன்னால் தோல் இருக்கிறது. அதற்கு மிலன் போக வேண்டியதில்லை. பூந்தமல்லியில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால் போதும். ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா தாண்டி, சுமார் 100 கிலோமீட்டரில் ராணிப்பேட்டை. அதற்கப்புறம் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி. இந்தியத் தோல் ஏற்றுமதியின் முக்கியமான பாதை இது.

ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்து வாரக்கணக்கில் தோல் பதனிடுவது நம் பழைய முறை; கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் அது கப்பலேறியது. பிறகு குரோமிய உப்பு வந்தது. வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளுக்குச் சுருங்கியது. தென்சென்னையில் அந்த முறையில் இயங்கிய தொழிற்சாலையால்தான் குரோம்பேட்டைக்கே அந்தப் பெயர். ஒரு ரசாயனத்தின் பெயரில் ஓர் ஊர். நாம் தினமும் ரயிலில் டிக்கெட் எடுத்து அங்கே இறங்குகிறோம்.

அதே பதனிடும் கழிவு பாலாற்றில் கலந்ததை எதிர்த்து வேலூர் மக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவர்தான் விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது அந்தத் தீர்ப்பில்தான். சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். 2015 ஜனவரி 31-ஆம் தேதி அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, நாம் அதிகம் பேசாதது. தோலைத் தொட்டு வேலை செய்தவர்களைத்தான் இந்தச் சமூகம் தீண்டத்தகாதவர்கள் என்று ஊருக்கு வெளியே வைத்தது. இன்றைக்கும் பதனிடும் தொட்டிகளில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அதே தோல் ஒரு பிரெஞ்சுப் பெயரோடு திரும்பி வரும்போது சோபாவில் உட்கார்கிறது. செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கைப்பையை மடியில் வைத்துக்கொள்கிறோம். இரண்டும் ஒரே மாட்டின் தோலாக இருக்கலாம். மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதியபோது இந்த முடிச்சைத்தான் தொட்டார். மேடைக்கு வந்த தோல் புனிதம். அதை இழுத்துக் கட்டிய கை வாசலுக்கு வெளியே. ஆடம்பரப் பையிலும் நடப்பது இதேதான், கோயிலுக்குப் பதில் ஷோரூம். பொருள் மேலே ஏற வேண்டுமென்றால் செய்தவரின் பெயர் உதிர வேண்டியிருக்கிறது.

*

"அப்போ மஞ்சப்பையைத் தூக்கிக்கிட்டுப் போயேன், பிரச்சினை தீர்ந்தது" என்று ஒரு தோழி சொன்னாள். நியாயமான கேலி. மஞ்சப்பைக்கு இப்போது நல்ல காலம்தான். ஒரு காலத்தில் கிராமத்திலிருந்து வந்தவரை மட்டம் தட்ட 'மஞ்சப்பை' என்று சொன்ன அதே நகரத்தில், 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் இயந்திரத்தில் 10 ரூபாய் போட்டால் ஒரு பை விழும்.

விழுகிறது, சரி. அந்தப் பத்து ரூபாயில் துணிக்கு எவ்வளவு, தைத்தவருக்கு எவ்வளவு? 2,600 யூரோப் பையிடம் கேட்ட கேள்வியைப் பத்து ரூபாய்ப் பையிடம் கேட்காமல் இருக்க முடியாது. அம்மா தைத்த சட்டைகள் ஆடம்பரம் இல்லை. ஏதோ ஒரு நாட்டில் தள்ளுபடி விலையில் போனவை. மலிவு என்பதற்காக ஒரு பொருள் குற்றமற்றதாகிவிடாது. எளிமையாக இருப்பதன் பெரிய சௌகரியம், மேற்கொண்டு விசாரிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. பணக்காரரின் நிம்மதிக்கும் அதற்கும் நான் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை.

ஆகவே வாங்காமல் இருப்பதால் மட்டும் நான் நல்லவள் ஆகிவிடப் போவதில்லை; யோசித்து வாங்குவதாலும்தான். யோசிப்பதற்குச் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று இருப்பதாகத் தோன்றுகிறது. தையல் யாருடையது என்ற கேள்வியை வாங்கிய பிறகும் மூடாமல் வைத்திருப்பது.

என் தொழிலில் இதற்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கோடை எடுத்தாலும் ஒவ்வொரு வரியையும் யார், எந்தத் தேதியில் எழுதினார் என்று பார்க்க முடியும். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். வரியில் பெயர் இருக்கும். திட்டுவதற்குப் பயன்படும், நன்றி சொல்லவும் பயன்படும். அந்தப் பழக்கத்தில்தான் பைகளுக்கு ஒரு நோட்டுப் போட்டேன். பைக்கு ஒரு பக்கம். எங்கே வாங்கியது, எவ்வளவு, என்ன தோல், எப்படிப் பதனிட்டது, யார் பழுது பார்த்தது, தைத்தவர் யார்.

இந்த நோட்டு என் வாங்கும் ஆசையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது. அம்பத்தூர் ஓ.டி.யில் மரத்தடியில் செருப்புத் தைக்கும் அண்ணனால் பிரித்துத் தைக்க முடியாத பை வேண்டாம். சாயங்கால திருவள்ளூர் லோக்கலில் தூக்கிக்கொண்டு ஏறப் பயமாக இருக்கும் பை வேண்டாம். அதை நான் வைத்திருக்கவில்லை, அதுதான் என்னை வைத்திருக்கிறது. எனக்கு எதற்கு என்று ஒரு வரிகூட எழுத முடியாத பையும் வேண்டாம். பிர்க்கின் அழகானது என்று இப்போதும் நினைக்கிறேன். அழகு என்று சொல்லிவிட்டு நகர முடிகிறது.

நான்கு பக்கங்கள் எழுதியிருக்கிறேன். முதலாவது, முதல் சம்பளத்தில் வாங்கிய ஹைடிசைன் பை. திலீப் கபூர் 1978-இல் புதுச்சேரியில் சின்னப் பட்டறையாக ஆரம்பித்த நிறுவனம். தாவரப் பொருட்களால் பதனிட்ட தோல், நாளாக நாளாகக் கறுத்து மினுங்குகிறது. இரண்டாவது, அந்த இரண்டாம் கைப் பை. மூன்றாவது, ஆயாவின் சுருக்குப்பை. நான்காவது, வேலையை விட்ட பிறகு அம்மா வீட்டு மெஷினில் மிச்சத் துணியில் தைத்துக் கொடுத்த தோள்பை. ஜிப் வைத்தது. அதுவும் இரட்டை ஜிப்.

'தைத்தவர்' என்ற இடம் முதல் மூன்றிலும் காலி. கோடு போட்டு அடிக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். நான்காவதில் மட்டும் ஒரு பெயர் இருக்கிறது.

போன வாரம் அந்த இரண்டாம் கைப் பையின் லைனிங் முழுசாகவே கிழிந்துவிட்டது. அம்மாவிடம் புதுசாகப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். வாங்கி, புரட்டி, பழைய துணியைப் பிரித்து அளவெடுத்தாள். "ரெண்டு நாள் ஆவும். உள்ள ஜேப்பு வேணுமா?"

"ரெண்டு வேணும்மா."

"சரி. கூலி எவ்ளோ தருவ?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, பதிலுக்காக உட்கார்ந்திருந்தாள்.